வளைவு ஐயாவின் வலது கால்

காலை ஏழு மணிக்கே வரிசை பெட்ரோல் பங்கைத் தாண்டிவிட்டது. கார், வேன், லாரி, ஸ்கூட்டர், ஐஸ் பெட்டி கட்டிய மூன்று சக்கர சைக்கிள். போதாததற்குக் குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி ஒன்று. குழந்தை வண்டிக்கும் சக்கரம் இருக்கிறதே! சக்கரம் இருந்தால் ஆபத்து இருக்கிறது. ஆபத்து இருந்தால் வளைவு ஐயா இருக்கிறார்.

வரிசையில் இடம் பிடிக்கிற அவசரத்தில் இரண்டு கார்கள் உரசிக்கொண்டன. விபத்து வராமல் இருக்கக் காப்பு வாங்க வந்த இடத்தில் நடந்த விபத்து. உரசியவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டார்கள்.

"அரை மணி முன்னாடி வந்து காப்பு வாங்கியிருந்தா இது நடந்திருக்குமா சொல்லுங்க?"

"அதானே! என் பொண்டாட்டி அப்பவே கிளம்பச் சொன்னா."

இப்படிப்பட்ட புத்திசாலிகள் நிரம்பிய ஊரில் பிழைக்கத் தெரியாதவன் யார்?

விவரத்தை ஒழுங்காக முதலிலிருந்து சொல்லிவிடுவது நல்லது. பாலத்திலிருந்து இறங்கி வரும் பெரிய சாலை, ஒரு பழைய கிடங்கின் மதில் சுவரை ஒட்டிச் சட்டென்று திரும்புகிறது. சுவரோ ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. இந்தப் பக்கம் வருகிறவனுக்கு அந்தப் பக்கம் வருகிறவன் தெரியமாட்டான். சாலை அலுவலகத்தில் என்றைக்கோ ஒருவருக்கு நல்ல புத்தி வந்து, வளைவில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் பெரிய தாம்பாளம் போல, வெளிப்பக்கம் வீங்கிய கண்ணாடி ஒன்றை மாட்டினார். நிமிர்ந்து பார்த்தால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் வருவது லாரியா, நாயா, மாமியாரா என்று தெரிந்துவிடும். பல வருஷம் அந்தக் கண்ணாடி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதனால் அதை யாரும் மதிக்கவில்லை.

அந்தச் சுவரோரம் ஒருவர் கார்களுக்கு சீட் கவர் விற்றுக்கொண்டிருந்தார். வியாபாரம் படுத்துவிட்டது. படுத்த வியாபாரத்துக்குப் பக்கத்தில் தானும் துண்டை விரித்துப் படுத்தார். படுத்தபடியே மேலே பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஞானம் வந்தது.

"அய்யோ! அது கண்ணாடி இல்லைய்யா, கண்ணு! வளைவோட கண்ணு!" என்று அலறிக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடினார். "நல்லாப் பாருங்க! எம்மாம் பெரிய லாரி வருது, அந்தக் கண்ணுல விழுந்ததும் எறும்பா ஆயிடுது. உறிஞ்சுதுய்யா! வண்டியோட உயிரை உறிஞ்சுது!"

ஜனங்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். லாரி எறும்பாகத்தான் தெரிந்தது. வீங்கின கண்ணாடியில் யானை நின்றாலும் எலியாகத்தான் தெரியும், பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பாடமே இருக்கிறது. ஆனால் அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு ஊரே லீவு போலிருக்கிறது.

அவர் ஏணி வைத்து ஏறி, கண்ணின் மேல் ஒரு சிவப்பு வெல்வெட் துணியைக் கட்டினார். அன்றிலிருந்து அவர் வளைவு ஐயா.

அடுத்த வாரமே வளைவில் விபத்து இரட்டிப்பானது. கண்ணாடியை மூடிவிட்டால் எதிரே வருகிறவன் தெரியமாட்டான், தெரியாவிட்டால் மோதுவான் என்று யோசிக்க இரண்டு நிமிஷம் ஆகும். ஊருக்கு அவ்வளவு நேரமில்லை. "கண்ணை மூடினதுல அதுக்குக் கோவம் வந்துடுச்சு" என்றார் ஐயா. "அடேயப்பா!" என்றது ஊர்.

கோபத்துக்கு மருந்துதான் காப்பு. உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டிய சிவப்பு வெல்வெட், நடுவில் கறுப்புப் பொட்டு. அதற்கு மூன்று விதி. ஒன்று, காப்பை முன் கண்ணாடியில் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே ஒட்ட வேண்டும். இரண்டு, வளைவு வந்ததும் கண்ணை மூடி மூன்று எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் வண்டி தானாக ஆபத்தை விட்டு விலகிவிடும். மூன்று, அந்த நேரத்தில் பிரேக்கைத் தொடக்கூடாது.

"பிரேக்ங்கறது என்ன? பயம்! பயங்கறது என்ன? சந்தேகம்! சந்தேகப்படறவனுக்குக் காப்பு எதுக்கு?" என்று சட்டைக் காலரில் மாட்டிய சின்ன மைக்கில் முழங்குவார். கூட்டம் கைதட்டும்.

மோதிவிட்டு வந்து நிற்பவர்களுக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. ஸ்கூட்டர் பெரியம்மா, அதாவது அறுபது வயதிலும் ஸ்கூட்டரில் போய் வீடு வீடாகத் துணி தைத்துக் கொடுக்கும் அம்மாள், கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றார்.

"ஐயா, காப்பு ஒட்டினேன். கண்ணை மூடினேன். பிரேக்கைத் தொடலை. நேரா போய்ச் சுவத்துல மோதிட்டேன்."

"எத்தனையில கண்ணைத் திறந்தே?"

பெரியம்மா யோசித்தார். "ரெண்டு... ரெண்டரை இருக்கும்யா."

"அதான்!"

"அதான்!" என்றது கூட்டம். இரண்டரையில் சுவர் வந்துவிட்டால் மூன்று எண்ணுவதற்கு நேரம் ஏது என்று சுவரும் கேட்கவில்லை, கூட்டமும் கேட்கவில்லை. பெரியம்மா இன்னொரு காப்பு வாங்கிக்கொண்டு போனார், இந்தத் தடவை மாவுக்கட்டின் மேல் ஒட்ட.

ஊரில் கேட்கிற ஆள் ஒருத்தி இருந்தாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அவளுக்கு ஊர் வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் மரத்தைப் பார்த்து ஆசையோடு போகும்போது, கற்றுக்கொடுக்கிறவர் மிதிப்பதற்கு. மற்ற பள்ளிகளில் அத்தோடு சரி. அக்கா கொஞ்சம் ஒழுங்கு பார்க்கிறவள். தான் மிதித்து நிறுத்திய வண்டியை, "எப்படி நிறுத்தினேன் பாத்தீங்களா அக்கா!" என்று மாணவர்கள் பெருமையடித்துக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், காரின் கூரையில் ஒரு மணி பொருத்தினாள். பக்கத்து இருக்கைப் பிரேக்கை மிதித்தால் அது அடிக்கும். மணி அடித்தால் நிறுத்தியது நீ இல்லை என்று அர்த்தம். வாதமே கிடையாது.

அந்த மணி அதிகமாக அடித்தது ஒரு மாணவருக்குத்தான். முதல் நாளே நாற்பத்து மூன்று தடவை. அக்கா அவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டாள்.

வீட்டுக்காரர் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நன்றாகவே ஓட்டுவார். ஆனால், "உனக்கென்னப்பா, பொண்டாட்டி கத்துக்கொடுத்த ஓட்டம்!" என்று வேன் நிறுத்தத்தில் மற்ற டிரைவர்கள் ஒன்பது வருஷமாகக் கிண்டல் அடித்தால் மனிதனுக்கு எப்படி இருக்கும்? அவளிடமிருந்து வராத வித்தை ஒன்றாவது தனக்கு வேண்டும் என்று அவருக்கு ஏக்கம். வளைவு ஐயா அதைக் கொடுத்தார். அதுவும் சாதாரணக் காப்பு இல்லை, சாப்பாட்டுத் தட்டு அளவில் எட்டுத் திசைக் காப்பு. அதை ஒட்டினால் முன் கண்ணாடியில் பாதி ரோடு தெரியாது. தெரியாத ரோட்டில் ஆபத்தும் தெரியாது, மனசுக்கு நிம்மதி.

விஷயம் அக்காவுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, மகள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னபோது.

"அம்மா, அப்பா திங்கக்கிழமையிலேர்ந்து வளைவுல கண்ணை மூடுவாராம்."

தோசைக்கரண்டியா, துடைப்பமா என்று தேடாமல் அக்கா வெறுங்கையோடுதான் வாசலுக்கு வந்தாள். வீட்டுக்காரர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, குழந்தை என்னமோ சொல்றா?"

"அது வந்து... இருபத்தோரு நாள் காலி வண்டியில பழகணும்னு ஐயா சொன்னார். நாளையோட முடியுது. திங்கக்கிழமையிலேர்ந்து ஆளோட போகலாம்."

"காலி வண்டியில கண்ணை மூடிட்டு ஓட்டினீங்களா?"

"ஒண்ணும் ஆகலையே!"

"பின்னாடி பம்பர் எங்க?"

அவர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். "அது பழசு, தானா விழுந்திருக்கும்."

"பதினாலு குழந்தைங்க ஏறுற வண்டிங்க அது. அதுல ஒண்ணு நம்ம பொண்ணு."

"அதுக்காகத்தான் ஒட்டியிருக்கேன்!" அவர் குரல் உயர்ந்தது. "ரெண்டு மாசமா அந்த வளைவுல என்னென்ன நடக்குது, பாத்துட்டுதானே இருக்கே. தினம் பயந்து பயந்து திரும்பறேன். எல்லாத்துலயும் நீயே டீச்சரா இருக்கணுமா?"

வேன் கிளம்பிப் போனது. சிவப்புத் தட்டுக்குப் பின்னால் வீட்டுக்காரரின் முகம் பாதிதான் தெரிந்தது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள்.

அக்கா செய்தது மூன்று காரியம்.

முதல் காரியம், பயிற்சிக்குப் போகும்போது பார்த்து எழுதிவைத்த நோட்டைப் புரட்டினாள். துணி கட்டுவதற்கு முன் ஆறு மாதத்தில் வளைவில் மூன்று மோதல். கட்டிய பின் இரண்டே மாதத்தில் பதினேழு. அதை வரிசையாக எழுதி, கண்ணாடியைத் திறந்துவிடும்படி கேட்டு, சாலை அலுவலகத்துக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதிகாரி அக்கறையாகப் படித்தார். "நடவடிக்கை எடுக்கிறோம்" என்றார். அவருடைய காரில் காப்பு ஒட்டியிருந்தது. பின் கண்ணாடியில் ஒன்று உபரி.

இரண்டாவது காரியம், ஏணியை எடுத்துக்கொண்டு தானே வளைவுக்குப் போனாள். அங்கே பஞ்சர் கடை வைத்திருப்பவர் ஓடிவந்து காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"வேணாம்க்கா! போன மாசம் லைட்டு மாத்த வந்த எலக்ட்ரீஷியன் அந்தத் துணியைத் தொட்டார். மூணே நாள்தான்க்கா."

"என்ன ஆச்சு?"

"வேற ஊருக்கு மாத்திட்டாங்க!"

அதற்குள் ஐம்பது பேர் கூடி ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கம்பத்தடியில் நின்ற அந்தப் பத்து நிமிஷத்தில் அக்கா ஒன்றைக் கவனித்தாள். வளைவு ஐயாவின் கார் வந்தது. வளைவுக்கு ஐம்பது அடி முன்னால் நின்றது. ஐயா இறங்கினார். சுவரை ஒட்டி, இரண்டு பக்கமும் நன்றாகத் திரும்பிப் பார்த்து, நடந்தே வளைவைக் கடந்தார். டிரைவர் காரைத் திருப்பிக் கொண்டுவந்ததும், அந்தப் பக்கத்தில் மறுபடி ஏறிக்கொண்டார்.

"எதுக்கு இறங்கி நடக்கிறார்?"

"மரியாதைக்கா" என்றார் பஞ்சர் கடைக்காரர். "கண்ணுக்கு மரியாதை."

"தினமுமா?"

"ஒரு நாள்கூட வண்டியில கடந்ததில்லைக்கா. அவ்வளவு பணிவு!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது காரியம் அப்போதே உருவாகிவிட்டது.

அவள் நேராக ஐயாவிடம் போய்க் கைகட்டி நின்றாள். தன் பள்ளியில் கற்றுக்கொள்ளும் அத்தனை பேருக்கும் எட்டுத் திசைக் காப்பு வேண்டும் என்றாள். முந்நூறு. ஐயா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஒரே ஒரு வேண்டுதல்ங்கய்யா. ஞாயித்துக்கிழமை காலையில எங்க மைதானத்துக்கு வந்து, என் கார்ல ஒரு தடவை உக்காந்து, காப்போட சக்தியை எல்லாருக்கும் காட்டணும்."

"மைதானமா? எதிர்ல வண்டி ஏதும் வருமோ?"

"காலி மைதானம்ங்கய்யா. ஒரு ஆடுகூட வராது."

"அப்ப வர்றேன்மா. காப்புக்கு ரோடென்ன, மைதானமென்ன! எட்டுத் திசையிலும், எந்த இடத்திலும் பலிக்கும். காப்புக்குப் பின்னாடி இருக்கிற அட்டையிலேயே அச்சடிச்சிருக்கேன்." காலர் மைக்கில் இதையும் சேர்த்தே சொன்னார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பியது. அக்கா கயிறு கட்டி அத்தனை பேரையும் ஓரமாக நிறுத்தினாள். ஒரு முனையில் பயிற்சிக் கார். அறுபது அடி தள்ளி, ஐயா கொண்டுவந்த பத்து அட்டைப் பெட்டிகள் சுவர்போல அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே முந்நூறு காப்பு.

"பெட்டியை எதுக்கும்மா அங்க வச்சிருக்கே?"

"கார்ல ஒரு காப்பு, எதிர்ல முந்நூறு காப்பு. இதைவிடப் பத்திரமான இடம் இருக்குமாங்கய்யா?"

கூட்டம் ஆரவாரித்தது. ஐயாவும் சிரித்துவைத்தார்.

அக்கா கூட்டத்தைப் பார்த்து, வகுப்பில் சொல்வது போலவே நிதானமாகச் சொன்னாள். "நான்தான் ஓட்டப்போறேன். கண்ணைத் துண்டால கட்டிக்குவேன். முதல் கியர்ல, நடக்கிற வேகத்துலதான் போகும். மூணு எண்ணுவேன். ஐயா சொன்னபடி அதுக்குள்ள கார் தானா விலகணும். நான் பிரேக்கைத் தொடமாட்டேன், அது விதி. பக்கத்துல ஐயா. அவர் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. மிதிச்சா கூரையில மணி அடிக்கும். ஆனா ஐயாவுக்கு அது தேவைப்படாது. இல்லீங்களாய்யா?"

"எனக்கெதுக்கு பிரேக்கு?" என்று ஐயா மைக்கில் முழங்கினார். "நானே காப்பு!"

பின் இருக்கையில் வீட்டுக்காரர் சாட்சியாக ஏறிக்கொண்டார். மடியில், வேனிலிருந்து கழற்றி எடுத்துவந்த தன்னுடைய எட்டுத் திசைக் காப்பு. 'இன்னிக்காவது இவ தோக்கட்டும்' என்று அவர் நினைத்தாரா, நினைக்கவில்லையா என்பது அவருக்கே வெளிச்சம். ஐயா முன்னால் ஏறினார். ஏறியதும் முதல் வேலையாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

அக்கா கண்ணைக் கட்டினாள். கார் நகர்ந்தது.

"ஒ..."

டிங்!

கார் நின்றது. பெட்டி இன்னும் ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"கொசு கடிச்சிடுச்சு" என்றார் ஐயா. "காலை உதறினேன், பட்டுடுச்சு."

காரைப் பின்னால் எடுத்தார்கள். மறுபடி கண்கட்டு. மறுபடி கிளம்பியது.

"ஒண்ணு... ரெ..."

டிங்! டிங்!

"இது என்னங்கய்யா, ரெண்டு கொசுவா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். குரல் வந்த திசையில் மாவுக்கட்டு தெரிந்தது.

"சும்மா இரும்மா! கார்ல இடம் பத்தலை. கால் நீட்டினா பிரேக்குலதான் படுது."

"அப்ப நீட்டாதீங்க. சம்மணம் போட்டு உக்காருங்க" என்றார் பெரியம்மா. "நானே காப்புன்னு சொன்னவருக்குக் கால் எதுக்கு?"

நியாயம்தானே என்று நானூறு தலைகள் ஆடின. ஐயாவுக்கு வேறு வழியில்லை. காலை மடக்கி, இருக்கையின் மேல் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, மகான் போலவே உட்கார்ந்தார்.

கார் மூன்றாவது தடவை கிளம்பியது.

"ஒண்ணு."

காலர் மைக் திறந்திருந்ததை ஐயா மறந்துவிட்டார். ஒலிபெருக்கியில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, மூடிய கண்ணில் ஒன்று லேசாகத் திறக்க, மெல்லிய குரல் ஒன்று. "மெதுவாம்மா... கொஞ்சம் மெதுவா..."

"நடக்கிற வேகம்தாங்கய்யா. ரெண்டு."

"பெட்டி வருதும்மா... கிட்ட வருது... அம்மாடி, நிஜமாவே நிறுத்தமாட்டியா..."

"காப்பு விலக்கிவிடும்ங்கய்யா."

"காப்பாவது கத்திரிக்காயாவது! கண்ணைத் திறம்மா! கண்ணைத் திறந்து ஓட்டும்மா! பிரேக்கைப் போடு!"

சம்மணம் உடைந்தது. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் கீழே பாய்ந்தன. அவசரத்தில் இடது கால் செருப்பில் சிக்கியது. வலது கால் மட்டும் குறி தவறாமல் பிரேக்கைத் தேடிப் பிடித்து, தரையோடு தரையாக அழுத்தியது. மணி நிற்காமல் அடித்தது. பெட்டிச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

அக்கா கண்கட்டை அவிழ்த்தாள். "மூணு இன்னும் சொல்லலையேங்கய்யா" என்றாள்.

ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கக் கேட்டிருந்தது. முதல் ஆளாகப் பெரியம்மா சிரித்தார். மாவுக்கட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அது பக்கத்து ஆளைத் தொற்றி, கயிற்றோரம் முழுக்க ஓடியது.

ஐயா சமாளிக்கப் பார்த்தார். "இது மைதானம்! மைதானத்துல பலிக்கும்னு யார் சொன்னா?"

"நீங்கதான்." பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரர் தன் காப்பு அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். "எட்டுத் திசையிலும், எந்த இடத்திலும்."

அவர் கீழே இறங்கினார். ஐயாவின் கதவைத் திறந்தார். இன்னும் பிரேக்கிலேயே இருந்த அந்த வலது காலை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஐயா, நாளைக்கு என் வண்டியில பதினாலு குழந்தைங்க ஏறுவாங்க" என்றார். "அவங்க காலடியில பிரேக் இல்லைய்யா."

சிரிப்பு அத்தோடு நின்றது. குழந்தை வண்டிக்குக் காப்பு வாங்கியவர் மெல்லக் குனிந்து, அதைப் பிய்த்து எடுத்தார்.

பிறகு ஊரே வளைவுக்குப் போனது. பஞ்சர் கடைக்காரரே ஏணி போட்டு ஏறினார். ஏறும்போது, "எனக்கு மாற்றல் வந்தா நல்லதுதான், இங்க வியாபாரம் கொஞ்சம் டல்லுதான்" என்று சொல்லிக்கொண்டார், தைரியத்துக்காக. துணியை உருவினார். உள்பக்கத்தில் நான்கு மூலையிலும் எலாஸ்டிக். ஓரத்தில் மையால் எழுதியிருந்தது: 'முன் சீட், சின்ன சைஸ்.' விற்காமல் போன சீட் கவருக்கு ஊரே இரண்டு மாதமாகக் கும்பிடு போட்டிருந்தது.

கண்ணாடி வெளிச்சத்தைப் பார்த்தது. கண்ணாடியை ஊர் பார்த்தது. அதில், சுவருக்கு அந்தப் பக்கம், கையில் பையும் காலில் ஒற்றைச் செருப்புமாக எறும்பு அளவில் ஒருவர் அவசரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"அதோ! ஐயா!"

"உறிஞ்சிடுச்சுடி கண்ணு!" என்றார் பெரியம்மா.

நல்ல கண்ணாடி அது, இரண்டு மாதம் மூடிக்கிடந்தும் வேலையை மறக்கவில்லை. ஐயாவைப் பிடித்துவந்தார்கள். அடிக்கவிடாமல் அக்கா தடுத்துவிட்டாள். அதற்குப் பதில் ஒரு பிளேடும் ஒரு டப்பா மண்ணெண்ணெயும் கொடுத்தார்கள். காப்புக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்ததோடு, ஒட்டிய காப்பு அத்தனையையும் அவரே சுரண்டி எடுத்தார். அதற்கும் காலை ஏழு மணிக்கே வரிசை. பெட்ரோல் பங்கைத் தாண்டி. முதலில் நின்றது சாலை அலுவலக அதிகாரியின் கார். "நடவடிக்கை எடுத்தாச்சு" என்றார் அவர்.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அம்மா! அப்பா வளைவுக்கு முன்னாடியே பிரேக் போட்டு மெதுவாக்கினார். கண்ணாடியைப் பாத்தார். ஒரு லாரி வந்துச்சு. அது போறவரைக்கும் நின்னுட்டு, அப்புறம்தான் திரும்பினார். நாங்க பதினாலு பேரும் கைதட்டினோம்."

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எல்லாம் நானா கத்துக்கிட்டதுதான்" என்றார்.

"சரிங்க" என்றாள் அக்கா.

"ஒரு தடவைகூட மணி அடிக்கலை, பாத்தியா?"

"வேன்ல மணியே இல்லைங்க."

"இருந்தாலும்!"

அந்த வளைவில் இன்றைக்கும் வண்டிகள் திரும்புகின்றன. காப்பும் இல்லை, கோபமும் இல்லை. கண்ணாடி இருக்கிறது, பார்க்கிறவனுக்குத் தெரிகிறது. ஊரில் யாரிடமாவது கேட்டால், "அந்த ஆளு பெரிய மோசடிப் பேர்வழிங்க, நான் அப்பவே நினைச்சேன்" என்பார்கள். நினைத்தவர்கள்தான் வரிசையில் நின்றார்கள்.

ஆளைத் திட்டுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய வலது காலை மட்டும் திட்டாதீர்கள். வாய் என்ன சொன்னாலும் நம்பாமல், பெட்டி எவ்வளவு தூரம், வேகம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, மிதிக்க வேண்டிய நேரத்தில் மிதித்தது, அந்த மைதானத்தில் அது ஒன்றுதான். ஒரு ஏமாற்றுக்காரனின் காலுக்கு இருக்கிற யோசனை, ஏமாறுகிறவன் தலைக்கு என்றைக்கு வரும்?